துண்டிப்பு அல்ல என்று சொல்லப்பட்ட துண்டிப்பு

2018ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் உலகச் செய்திகளில் இடைவிடாமல் இடம்பெற்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மழை பொய்த்து அணைகள் வறண்டதால், பிப்ரவரி 1 முதல் ஒருவர் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது என்று மாநகராட்சி கட்டுப்பாடு விதித்தது. நிலைமை இன்னும் மோசமானால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, நகரில் ஏறத்தாழ 200 இடங்களில் மக்களை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு 25 லிட்டர் வழங்குவது என்று திட்டமிடப்பட்டது. அந்த நாளுக்கு ‘டே ஸீரோ’ என்று பெயர் வைத்தார்கள். மக்கள் தண்ணீரைக் கடுமையாகச் சிக்கனம் செய்ததாலும் பின்னர் மழை பெய்ததாலும் அந்த நாள் வராமலே போயிற்று.

அச்செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தபோது என் மனம் அதே நாட்டின் இன்னொரு நகரத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. ஆளுக்கு 25 லிட்டர் என்ற அளவு தென்னாப்பிரிக்காவுக்குப் புதியதன்று. ஜோகன்னஸ்பர்க் மாநகரின் ஒரு பகுதியான சொவேட்டோவில், பீரி என்ற ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு விலையில்லாமல் கிடைத்த அடிப்படைத் தண்ணீரின் அளவே அதுதான். அது போதாது, 50 லிட்டர் வேண்டும் என்று அவர்கள் தொடுத்த வழக்கை நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு தள்ளுபடி செய்தது. கேப்டவுனில் பேரிடர்க்காலக் கட்டுப்பாடாக விதிக்கப்பட்ட 50 லிட்டர்தான் பீரியின் மக்கள் தங்கள் உரிமையாகக் கேட்ட அளவு. கேப்டவுன் அஞ்சி நடுங்கிய 25 லிட்டர்தான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அளவு. தண்ணீர் மனித உரிமையா என்ற விவாதத்தில் எனக்குத் தெரிந்த வழக்குகளுள் இந்த அளவுக்கு உண்மையான கேள்விகளை நேருக்கு நேர் சந்தித்த வழக்கு வேறில்லை. அதன் தீர்ப்பில் ஒரு பாதியை நான் ஏற்க முடியும். மற்றொரு பாதியை ஏற்கவே முடியாது. அந்த இரண்டாம் பாதி இன்று நம் வீட்டு வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

வழக்கின் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்காகப் பிறந்த நகரம். பெரிய ஆறு எதுவும் அதன் வழியே ஓடவில்லை. வால் ஆற்றிலிருந்தும், லெசோத்தோ நாட்டின் மலைகளில் கட்டப்பட்ட காட்சே அணையிலிருந்தும் வரும் நீரை மொத்தமாக விலைக்கு வாங்கித்தான் மாநகராட்சி விநியோகிக்கிறது. சொவேட்டோவிலோ 1940களிலும் 50களிலும் புதைக்கப்பட்ட குழாய்கள் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தன. வீடுகளில் மீட்டர் கிடையாது. ஒவ்வொரு மனையும் மாதம் 20,000 லிட்டர் பயன்படுத்துவதாகக் கருதி ஒரே தொகை விதிக்கப்பட்டது; உண்மையில் ஒரு மனைக்குப் போன தண்ணீர் சராசரியாக 67,000 லிட்டர் என்று மாநகராட்சி கணக்கிட்டது. வாங்கிய தண்ணீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சொவேட்டோவுக்குப் போக, வருவாயில் ஒரு விழுக்காடு மட்டுமே அங்கிருந்து வந்தது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1980களில் நடந்த வாடகை மறுப்பு, கட்டண மறுப்புப் போராட்டங்களின் வரலாறும் இதற்குள் இருக்கிறது. கசிவை அடைத்து, வீணாகும் நீரைக் குறைத்து, கணக்கை நேர்செய்ய வேண்டிய கடமை மாநகராட்சிக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. தண்ணீர் உரிமையைப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறார்கள். விட்டால் வழக்கு புரியாது.

2004ஆம் ஆண்டு ‘கிட்சினமான்சி’ என்ற திட்டம் பீரியிலிருந்து தொடங்கியது. ஜூலு மொழியில் தண்ணீரைச் சேமியுங்கள் என்று பொருள். சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தலைமையிலான ஒரு கூட்டமைப்பு அப்போது ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்கீழ் மாநகரின் நீர் நிறுவனத்தை நிர்வகித்துவந்தது. பழைய குழாய்களை அகற்றிப் புதியன பதித்தார்கள். அதனுடன் ஒவ்வொரு மனையிலும் ப்ரீபெய்டு மீட்டர் பொருத்தினார்கள். மாதம் 6,000 லிட்டர் இலவசமாக வரும். அது தீர்ந்ததும் மீட்டர் தானாக அடைத்துக்கொள்ளும். பணம் கட்டி நிரப்பினால்தான் மீண்டும் தண்ணீர். மீட்டர் வேண்டாம் என்பவர்கள் வீட்டுக்குள் குழாய் இன்றி முற்றத்தில் ஒற்றைக் குழாயை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டையும் மறுத்தவர்களுக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வழக்கின் முதல் மனுதாரரான திருமதி மாசிபுகோ அப்படி மறுத்தவர்களுள் ஒருவர். அவருடைய மனையில் முன்வீட்டிலும் பின்புறக் கொட்டகைகளிலுமாக 20 பேர் வாழ்ந்தார்கள். தண்ணீர் நின்ற பிறகு பல மாதங்கள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்துபோய்த் தண்ணீர் சுமந்துவந்தார். முடிவில் வேறு வழியின்றி மீட்டரை ஏற்றுக்கொண்டார். 6,000 லிட்டரை 20 பேருக்கும் 30 நாட்களுக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வருகிறது. அங்கே கழிப்பறைகள் ஃபிளஷ் வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை நீரடித்தாலே அந்த 10 லிட்டரும் ஏறக்குறைய முடிந்துவிடும். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் என்று கருதி வகுக்கப்பட்ட அளவு அது. ஆனால் சொவேட்டோவில் ஒரு மனையில் ஒரு குடும்பம் மட்டும் வாழ்வதில்லை என்பது அந்த ஊரை அறிந்த எவருக்கும் தெரியும். மனுதாரர்களின் வீடுகளில் இலவசத் தண்ணீர் மாதத்தின் நடுவிலேயே தீர்ந்துபோனது. இன்னொரு மனுதாரரின் மனையில் குடியிருந்தவரின் கொட்டகை 2005ஆம் ஆண்டு தீப்பற்றியபோது, மீட்டரில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்ததால் தீயை அணைக்க முடியாமல் இரண்டு சிறு குழந்தைகள் இறந்ததாக நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. இதை எழுதும்போதும் என்னால் இதை ஒரு வழக்குக் குறிப்பாக மட்டும் கருத முடியவில்லை.

ஆளுக்கு 25 லிட்டர் என்ற அளவு எங்கிருந்து வந்தது? 1994ஆம் ஆண்டு, விடுதலை பெற்ற புதிய அரசு வெளியிட்ட நீர்வழங்கல் வெள்ளை அறிக்கையில் அது இடம்பெற்றது. வீட்டிலிருந்து 200 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் தெருக்குழாயில் பிடித்துவந்து குடிக்க, சமைக்க, உடலைத் தூய்மை செய்ய வேண்டிய குறைந்தபட்ச அளவாகவே அது சொல்லப்பட்டது. முழுமையான, நலமான வாழ்க்கைக்கு அது போதாது என்பதையும் அவ்வறிக்கையே ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கானோர் ஆற்றிலும் குட்டையிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த நாட்டில் அது ஒரு நேர்மையான தொடக்கம். ஆனால் தெருக்குழாய்க்கு வகுத்த அளவை, கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்ட கழிப்பறை கொண்ட நகர்ப்புற வீட்டுக்குப் பொருத்தியபோது அது தன் பொருளை இழந்தது.

இந்த அளவு சட்டமான கதையில் தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் ஊரும் வருகிறது. டர்பன் நகரின் தெற்கேயுள்ள சாட்ஸ்வொர்த், நிறவெறி அரசு இந்தியர்களைத் தனியே ஒதுக்கி வைப்பதற்காக 1960களில் கட்டிய குடியிருப்பு. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளமாக வாழ்கிறார்கள். நிறவெறி ஆட்சி முடிந்தபின் அங்கே குடியேறிய ஆப்பிரிக்க ஏழைக் குடும்பங்களும் அவர்களும் 1990களின் இறுதியில் வாடகை நிலுவைக்காகவும் தண்ணீர்க் கட்டண நிலுவைக்காகவும் ஒன்றாகவே துரத்தப்பட்டார்கள். ஒன்றாகவே எதிர்த்தும் நின்றார்கள். அங்கே குடியிருந்த, வேலையற்ற, பல குழந்தைகளைப் பராமரித்த ஒரு தாய் தொடுத்த மான்கெலே வழக்கில், அடிப்படை நீர்வழங்கல் என்றால் எவ்வளவு என்பதை அரசு விதியாக வகுக்காத நிலையில் அவ்வுரிமையை நிலைநாட்ட இயலாது என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைவிரித்தது. அதே ஆண்டின் நடுவில் விதிகள் வந்தன: ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் அல்லது குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர், எந்த நுகர்வோரும் ஓராண்டில் ஏழு முழு நாட்களுக்கு மேல் தண்ணீரின்றி இருக்கக் கூடாது. அளவு குறிக்கப்படாத உரிமை நீதிமன்றத்தில் கைவசப்படாது என்பதை சாட்ஸ்வொர்த் காட்டியது. குறிக்கப்பட்ட அளவே தாழ்வானதாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பீரி காட்டியது.

பீரி வழக்கில் 2008 ஏப்ரல் 30 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி த்ஸோகா ப்ரீபெய்டு மீட்டர்கள் சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் புறம்பானவை என்றும், ஆளுக்கு 50 லிட்டர் இலவசமாக வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். 2009 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 லிட்டராகக் குறைத்தது. மீட்டர்கள் சட்டவிரோதமே என்றாலும் சரிசெய்துகொள்ள இரண்டாண்டு அவகாசம் தந்தது. 2009 அக்டோபர் 8 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, நீதிபதி கேட் ஓ’ரீகன் எழுதிய தீர்ப்பில், இரண்டையும் தள்ளினார்கள். போதுமான தண்ணீரைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, தன்னிடமுள்ள வளங்களுக்கு உட்பட்டுப் படிப்படியாக அதை நிறைவேற்றும் நியாயமான நடவடிக்கைகளை எடுக்குமாறுதான் அரசைப் பணிக்கிறது. எத்தனை லிட்டர் என்று நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது தீர்ப்பின் சாரம்.

லிட்டர் கணக்கு பற்றிய இந்தப் பகுதியை என்னால் முழுமையாக நிராகரிக்க முடியவில்லை. ஒரு நகரத்துக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், அதில் எந்தப் பகுதிக்கு முதலில் குழாய் போட வேண்டும், ஏழைகளுக்கான இலவச அளவின் செலவை யார் தலையில் ஏற்றுவது என்பனவற்றை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவு செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலேயே அப்போது குழாயே எட்டிப்பார்க்காத குடிசைப் பகுதிகள் இருந்தன என்ற வாதத்துக்கும் எடை உண்டு. ஆனால் நீதிமன்றம் எண்ணைச் சொல்ல மறுக்கலாம் என்பது வேறு. 20 பேர் வாழும் மனைக்கும் 4 பேர் வாழும் மனைக்கும் ஒரே 6,000 லிட்டர் என்ற ஏற்பாடு நியாயமானது என்று ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதைச் சொல்ல இரண்டாவதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

மீட்டர் பற்றிய பகுதியில் எனக்கு இந்தத் தயக்கமும் இல்லை. அங்கே தீர்ப்பு தவறிவிட்டது என்றே உறுதியாக நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு நீர்ச்சேவைச் சட்டம் தண்ணீரைத் துண்டிக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது: நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், போதிய முன்னறிவிப்பு தர வேண்டும், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், கட்ட இயலாதவர் என்று நிறுவுபவருக்குக் கட்டணம் கட்டவில்லை என்பதற்காக அடிப்படைத் தண்ணீரை மறுக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் குழாயை மூட வருவதாக எண்ணி எழுதப்பட்டவை. ப்ரீபெய்டு மீட்டரில் மூட வருபவர் யாரும் இல்லை. அந்த வேளையில் வீட்டில் குழந்தை இருக்கிறதா, நோயாளி இருக்கிறாரா என்று கேட்பதற்கும் யாரும் இல்லை. கருவி தானாக அடைத்துக்கொள்கிறது. அதனால் இது துண்டிப்பே அன்று, பணம் போடும்வரை தண்ணீர் நிறுத்திவைக்கப்படுகிறது, அவ்வளவுதான் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் கூறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அறிவிப்புக் கொடுப்பது நிர்வாகத்தால் இயலாத காரியம் என்றும் சொன்னது.

தண்ணீர் இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டால் ஆவது ஒன்றுமில்லை. பணம் கட்டினால் மீண்டும் இணைப்பு வரும் என்பது பழைய முறைத் துண்டிப்புக்கும் பொருந்தும். அதற்காக யாரும் அதை நிறுத்திவைப்பு என்று சொன்னதில்லை. இங்கிலாந்தில் சில நீர் நிறுவனங்கள் இதேபோன்ற ப்ரீபெய்டு கருவிகளைப் பொருத்தியபோது, தானாக அடைத்துக்கொள்வதும் துண்டிப்பே, சட்டம் கேட்கும் நடைமுறைகளை அது மீறுகிறது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 1998ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், கட்டண நிலுவைக்காக வீடுகளின் தண்ணீரைத் துண்டிப்பதையே தடை செய்தது. தண்ணீர் நிறுவனங்களை முழுவதுமாகத் தனியாருக்கு விற்றுவிட்ட நாட்டில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியைவிட, எந்த நிலையில் குழாயை மூடலாம் என்ற கேள்விக்கு அங்கே தெளிவான விடை கிடைத்தது.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பீரி தீர்ப்பு வந்த மறுநாள், 2009 அக்டோபர் 9 அன்று, அதே அரசியலமைப்பு நீதிமன்றம் ஜோசஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. ஜோகன்னஸ்பர்க்கின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் மின்கட்டணத்தை வாடகையுடன் சேர்த்து உரிமையாளரிடம் ஒழுங்காகக் கட்டிவந்தார்கள். அவர் மாநகராட்சிக்குக் கட்டவில்லை. ஒருநாள் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. குடியிருந்தவர்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டாலும், அடிப்படைச் சேவை ஒன்றை நிறுத்தும் முன் அவர்களுக்கு 14 நாட்கள் முன்னறிவிப்பு தந்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. சரியான தீர்ப்பு. ஒப்பந்தமே இல்லாதவருக்கும் மின்சாரத்துக்கு அறிவிப்பு உண்டு என்றால், பீரியில் குடியிருப்பவருக்குத் தண்ணீருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. கருவி மாறியிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

அதே மாநகரில் வசதி படைத்த சாண்ட்டன் பகுதியின் வீடுகளுக்கு மாதக் கடைசியில் பில் வந்தது. கட்டத் தவறினால் நினைவூட்டல் வந்தது. பேசித் தவணை கேட்கலாம். அதற்குப் பிறகுதான் எதுவும். ஏழைக்கு முன்பணம், செல்வருக்குக் கடன் என்ற இந்த ஏற்பாடு இனத்தின் அடிப்படையிலான பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் கண்டது. சொவேட்டோவின் வரலாறு வேறு, அங்கே மீட்டரே இல்லாமல் இருந்தது, ப்ரீபெய்டு முறையில் தண்ணீரின் விலையும் குறைவு என்று சொல்லி அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கையில் காசில்லாத நாளில் பீரியில் இருப்பவருக்கும் சாண்ட்டனில் இருப்பவருக்கும் என்ன நேர்ந்தது என்பதை அந்தக் குறைந்த விலை மாற்றிவிடவில்லை.

தீர்ப்பு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2010 ஜூலை 28 அன்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரும் தூய்மை வசதியும் மனித உரிமைகள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 122 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு யாரும் இல்லை, 41 நாடுகள் வாக்களிக்கவில்லை. அதை முன்மொழிந்தது பொலிவியா. 2000ஆம் ஆண்டு கோச்சபம்பா நகரத்தில் தனியார்மயத்தால் தண்ணீர்க் கட்டணம் ஏறியதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கி ஒப்பந்தத்தையே நீக்கவைத்த நாடு அது. அத்தீர்மானம் மகிழ்ச்சிக்குரியது. எனினும் பீரியின் மக்களுக்கு அவ்வுரிமை ஏற்கெனவே தங்கள் அரசியலமைப்பிலேயே எழுத்தில் இருந்தது. உலகின் மிகக் குறைந்த நாடுகளிலேயே அப்படி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் கேட்டது அதன்கீழ் வரும் விதிகளை.

அவர்கள் முற்றிலும் தோற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. வழக்கு நடந்த ஆண்டுகளில் மாநகராட்சி தன் கொள்கையைப் பலமுறை திருத்தியது. பதிவு செய்துகொண்ட ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 10,000 லிட்டர் கிடைத்தது. அவசரத்துக்கெனத் தனி ஒதுக்கீடும் வந்தது. வழக்குத் தொடுத்ததால் விளைந்த பயன் இது என்று தோற்கடித்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் கொள்கையாகத் தரப்பட்டது கொள்கையாகவே திரும்பப் பெறவும் படலாம். எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்த 6,000 லிட்டர் இலவச ஒதுக்கீட்டை 2017 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் நிறுத்தி, ஏழை என்று பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. பதிவு செய்யத் தெரியாதவரும், வாடகைக்குப் பின்கொட்டகையில் இருப்பவரும், ஏழை என்று வரிசையில் நின்று எழுதித்தர மனமில்லாதவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தியாவில் இது இப்போது மின்சாரத்தின் வழியாக வருகிறது. நம்முடைய 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் குறைந்தது 15 முழு நாட்கள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதிகளோ, ப்ரீபெய்டு மீட்டரில் தொகை தீர்ந்ததும் மின்சாரம் தானாக நிற்கும், ஆனால் அது துண்டிப்பாகக் கருதப்படாது என்று கூறுகின்றன. நுகர்வோர் உரிமை என்ற தலைப்பைக் கொண்ட விதித்தொகுப்பில், ஒரே வரியில், 15 நாள் அறிவிப்பு இல்லாமல் போய்விட்டது. பீரி தீர்ப்பின் வாதமும் இதுவேதான். ப்ரீபெய்டு முறையிலும் இயங்கக்கூடிய ஸ்மார்ட் மீட்டர்கள் பல மாநிலங்களில் வேகமாகப் பொருத்தப்பட்டுவருகின்றன. மின்சாரத்தில் ஊன்றிய இந்த ஏற்பாடு குடிநீருக்கும் நீளுமானால், அதை எதிர்த்து வாதாட அப்போது நம் கையில் விதி எதுவும் மிஞ்சியிருக்காது. தானாக அடைபடுவதும் துண்டிப்பே என்று சட்டத்தில் எழுதச் சொல்வதும், தொகை தீரும் முன்பே எச்சரிக்கையும் தீர்ந்த பிறகு சில நாட்கள் அவகாசமும், நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும் வீடுகளுக்கு நிறுத்தக் கூடாத ஒரு குறைந்தபட்ச அளவும் வேண்டும் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் பொது விசாரணைகளில் எழுதிக் கொடுப்பதும் மீட்டர் பொருத்தப்படுவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. பீரியில் மீட்டர்களைப் பொருத்திய பிறகுதான் வழக்கே தொடங்கியது.